அரபிக் கடலில் வீசப்பட்ட அமெரிக்க மாதிரி

திருவனந்தபுரத்தில் 'ஸ்டாச்சு' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொண்டுபோய் இறக்கிவிடுவார். அங்கே நிற்பது சர் டி. மாதவ ராவின் சிலை. கும்பகோணத்தில் பிறந்து, 1857 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர். வெள்ளை வெளேரென்று நீண்டு கிடக்கும் அந்தச் செயலகக் கட்டடம் எழுந்ததும் அவர் காலத்தில்தான். வெளியூரிலிருந்து வந்து நிர்வாகம் நடத்திய ஒரு திவானின் சிலையை பஸ் நிறுத்தத்தின் பெயராகவே ஆக்கிக்கொண்ட ஊர் இது.

எல்லாத் திவான்களுக்கும் இந்தச் சலுகை கிடைத்துவிடவில்லை. வந்தவாசியில் பிறந்த சர் சி.பி. ராமசுவாமி அய்யரின் பெயரைச் சொன்னால் கேரளத்தில் இன்றும் விவாதம் ஆரம்பமாகிவிடும். அவரை வெறும் கொடுங்கோலர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1936 நவம்பரில் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில் கதவுகளைத் திறந்துவிட்ட மகாராஜாவின் பிரகடனத்தில் அவருடைய கை உண்டு. திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், அரசு பஸ் போக்குவரத்து, பள்ளிவாசல் நீர்மின் நிலையம் எல்லாமே அவர் ஆட்சிக் காலத்தவை. மக்கள் அவரை மன்னிக்காததற்குக் காரணம் வேறு. மக்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சியைத் தர அவர் கடைசிவரை மறுத்தார். அந்த மறுப்புக்கு ஓர் அழகான பெயரும் சூட்டினார்: 'அமெரிக்க மாதிரி'.

1946-ல் ஆலப்புழை, சேர்த்தலைப் பக்கத்தில் கயிறு திரித்தவர்களும், தென்னை ஏறியவர்களும், மீன் பிடித்தவர்களும் ஊர்வலம் போனபோது அந்தப் பெயருக்கு ஒரே வரியில் பதில் சொன்னார்கள். 'அமெரிக்கன் மோடல் அரபிக் கடலில்!' அவர்களில் பலருக்கு அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்ற யோசனையே வந்திருக்காது. ஆனால் வீட்டு வாசலில் இறக்கப்படும் சரக்கு அசலா, போலியா என்று பார்க்கத் தெரிந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அசல் அமெரிக்கர்களே, இந்தியாவுக்குப் பொருந்தும் என்று ஓர் அமெரிக்க மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு லண்டனின் கதவைத் தட்டியிருந்தார்கள். முதலில் தட்டச் சொன்னவர்கள் அந்நாட்டு செனட்டர்கள். வாஷிங்டனில் நடந்ததற்கும் திருவனந்தபுரத்தில் நடந்ததற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு நாட்டின் சட்டம் இயற்றுபவர்கள், போரில் தங்கள் கூட்டாளியாக இருக்கும் இன்னொரு அரசிடம் 'உன் ஆட்சிமுறையைத் திருத்து' என்று நெருக்கினால் எவ்வளவு நடக்கும், எங்கே நின்றுபோகும் என்பது அப்போது தெரிகிறது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. மலேயாவுக்கு ஆள் அனுப்பியிருந்த தமிழ்க் குடும்பங்களிலும் மலையாளக் குடும்பங்களிலும் கடிதம் நின்றுபோனது. பத்து நாட்கள் கழித்து, பிப்ரவரி 25 அன்று, வாஷிங்டனில் செனட்டின் வெளியுறவுக் குழு கூடியது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் உயரதிகாரி ப்ரெக்கின்ரிட்ஜ் லாங் அங்கே கேட்டதை அன்றைக்கே குறிப்பாக எழுதிவைத்தார்.

செனட்டர்களின் வாதம் வியாபாரியின் வாதம்போல நேரடியாக இருந்தது. லெண்ட்-லீஸ் சட்டத்தின்கீழ் பிரிட்டனுக்குக் கப்பல் கப்பலாகத் தளவாடங்கள் கொடுக்கிறோம். இவ்வளவு கொடுப்பவனுக்கு அந்த சாம்ராஜ்யம் எப்படி நடக்கிறது என்று கேட்கும் உரிமை உண்டு. இந்தியாவுக்குத் தன்னாட்சி அந்தஸ்து கொடுக்கும்படி பிரிட்டனைக் கேட்க வேண்டும். இந்தியர்களைப் போரிட வைக்க ஒரே வழி, அவர்களை இந்தியாவுக்காகப் போரிட விடுவதுதான். இதுதான் சாரம். அதில் இந்தியர்களின்மேல் கரிசனம் இல்லாமல் இல்லை. ஆனால் முன்னால் நின்றது கணக்கு. அடுத்தவன் சாம்ராஜ்யத்தைக் காப்பாற்ற எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வி அவரவர் தொகுதியில் எழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதிபர் ரூஸ்வெல்ட் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. லண்டனில் இருந்த தன் பிரதிநிதி ஆவெரெல் ஹாரிமன் மூலம் சர்ச்சிலின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஆறு மாதங்களுக்கு முன்புதான் இருவரும் சேர்ந்து அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டிருந்தார்கள். எல்லா மக்களுக்கும் தங்கள் ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது சாசனம். அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்துச் சொன்னது என்று 1941 செப்டம்பரிலேயே பார்லிமென்ட்டில் விளக்கம் கொடுத்து இந்தியாவை வெளியே நிறுத்தியவர் சர்ச்சில்.

1942 மார்ச் 4 அன்று சர்ச்சில் அனுப்பிய பதில் கவனமாகப் படிக்க வேண்டிய ஒன்று. பத்துக் கோடி முஸ்லிம்களைப் பகைத்துக்கொள்ள முடியாது, ராணுவத்தில் அவர்கள் முக்கியமானவர்கள் என்றார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மூன்று, நான்கு கோடிப் பேருக்குத் தாங்கள் பொறுப்பு என்றார். பிறகு சமஸ்தானங்கள். மன்னர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இருக்கின்றன, அங்கே சுமார் எட்டுக் கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்றார்.

அந்த எட்டுக் கோடியில் 60 லட்சம் பேர் திருவிதாங்கூர்க்காரர்கள். 1941 மக்கள்தொகைக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. இந்தியாவுக்குச் சீர்திருத்தம் தராமலிருக்க அவர்களும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 1938-லேயே திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கி, 'உத்தரவாத பரணம்' என்ற பொறுப்பாட்சியைக் கேட்டு அவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று அக்கம்மா செறியான் தலைமையில் பெரும் கூட்டம் தம்பானூரிலிருந்து அரண்மனையை நோக்கிப் போனது. லண்டனிலிருந்து வாஷிங்டனுக்குப் போன தந்தியில் இதெல்லாம் இல்லை. மன்னரின் ஒப்பந்தம் மட்டும் இருந்தது.

மார்ச் 10 அன்று ரூஸ்வெல்ட் எழுதிய பதிலில்தான் அந்த முதல் 'அமெரிக்க மாதிரி' வருகிறது. பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 மாநிலங்களும் 1783 முதல் 1789 வரை தட்டுத்தடுமாறித்தான் ஓர் அரசை உருவாக்கின என்று அவர் தன் நாட்டுச் சரித்திரத்தை நினைவுபடுத்தினார். இந்தியாவிலும் அப்படி ஒரு தற்காலிக டொமினியன் அரசை அமைக்கலாம். பல சாதிகள், தொழில்கள், மதங்கள், பிரதேசங்கள் ஆகியவற்றிலிருந்து ஆட்கள் இருக்கட்டும். மன்னர்கள் சபைக்கும் இடம் இருக்கட்டும். நிரந்தர ஏற்பாட்டைப் போருக்குப் பிறகு அவர்களே யோசித்துக்கொள்ளட்டும். ரூஸ்வெல்ட் இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை. நண்பனுக்குச் சொல்லும் யோசனையாக, தயங்கித் தயங்கியே சொன்னார்.

மறுநாள், மார்ச் 11 அன்று, சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் இந்தியா போகிறார் என்று சர்ச்சில் பார்லிமென்ட்டில் அறிவித்தார். ரங்கூன் விழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஜப்பானியர் வங்காள விரிகுடாவின் கரைக்கு வந்துவிட்டார்கள், லண்டன் மந்திரி சபைக்குள் தொழிற்கட்சி நச்சரித்தது, அமெரிக்காவும் கேட்டது. கிரிப்ஸ் தூது இந்த மூன்றும் சேர்ந்ததன் விளைவு. அமெரிக்க செனட்டர்களின் நெருக்குதலுக்கு அதில் நியாயமான பங்கு கொடுக்கலாம். முழுப் பெருமையும் கொடுக்க முடியாது.

கிரிப்ஸ் கொண்டுவந்த திட்டத்தில் சமஸ்தானங்களுக்கு என்ன இருந்தது? போருக்குப் பின் அரசியல் சட்டம் எழுதும் சபையில் சமஸ்தானங்களுக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் உண்டு. அந்த இடங்களில் உட்காருபவர்களை மன்னர்கள் நியமிப்பார்கள். அதாவது தலைகளை எண்ணும்போது குடிமக்கள் வேண்டும், ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது வேண்டாம். மதராஸில் ஓட்டுப் போடுகிறவன் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருவிதாங்கூருக்குள் வந்தால் பிரஜை ஆகிவிடுவான். வெளிநாட்டுச் சட்டமன்றத்தார் கொடுத்த நெருக்குதல் லண்டனுக்குப் போய், டெல்லிக்கு வந்து, இந்தக் கணவாய்க்கு அப்பாலேயே நின்றுவிட்டது.

அந்தத் தூதும் தோற்றது. ரூஸ்வெல்ட்டின் தனிப் பிரதிநிதியாக ஏப்ரல் தொடக்கத்தில் டெல்லி வந்த லூயி ஜான்சன், பாதுகாப்பு இலாகா யார் கையில் என்ற முடிச்சை அவிழ்க்க முயன்றார். பேச்சுவார்த்தை முறிந்தபோது, கிரிப்ஸின் புறப்பாட்டைத் தள்ளிப்போட முடியாதா என்று ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்கு அவசரச் செய்தி அனுப்பினார். இதற்காகப் பதவியை விட்டுப் போகவும் தயார் என்று அமெரிக்க விருந்தாளி ஹாரி ஹாப்கின்ஸிடம் சர்ச்சில் சொல்லிவிட்டார். ஹிட்லர் உயிரோடு இருக்கும்போது சர்ச்சிலை இழக்க எந்த அமெரிக்க அதிபர் துணிவார்? நேச நாட்டை நெருக்குவதில் உள்ள சிக்கலே இதுதான். கூட்டாளி எவ்வளவு அவசியமானவரோ, அவ்வளவு மென்மையாகத்தான் கேட்க முடியும்.

போர் திருவிதாங்கூரை எப்படித் தொட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மகாராஜா பிரிட்டிஷ் மகுடத்தின் கூட்டாளி. சமஸ்தானம் பணமும் ஆட்களும் கொடுத்தது. ஆனால் சாப்பாட்டுக்கு வேண்டிய அரிசியில் பெரும் பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. ரங்கூன் விழுந்ததும் அது நின்றது. நாஞ்சில் நாட்டு நெல்லும் குட்டநாட்டு நெல்லும் எத்தனை வாய்க்குப் போதும்? ரேஷன் வந்தது. சோறு இருந்த இலையில் மரவள்ளிக் கிழங்கு வந்தது. கப்பல் போக்குவரத்து தடைப்பட்டதால் கயிறு ஏற்றுமதி படுத்தது. சேர்த்தலைத் தாலுகாவில் பசியும் நோயும் பலரைக் கொண்டுபோயின. 1946-ல் கோஷம் போட்டவர்கள் இந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்கள்தான்.

இந்தியாவுக்காகப் போரிட விடுங்கள் என்று செனட்டர்கள் சொன்னார்களே, அப்படிப் போரிட வந்த ஒருவர் திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள வக்கத்திலும் இருந்தார். வக்கம் அப்துல் காதர். 1938-ல் பிழைப்புக்காக மலேயா போனவர். அங்கே இந்தியச் சுதந்திர இயக்கத்தில் சேர்ந்தார். 1942 செப்டம்பரில் சில தோழர்களோடு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபாரின் தானூர் கரையில் இறங்கினார். உடனே பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் மற்ற சிலரோடு தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 26. நண்பர்களான அரசுகள் கொடுக்க முன்வராத சுதந்திரத்தை எதிரியின் கப்பலில் ஏறியாவது கொண்டுவந்துவிடலாம் என்று அந்த வயதில் தோன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் வாஷிங்டன் குழு அறையில் பேசப்பட்ட விஷயம் வக்கம் கிராமத்தில் ஒரு வீட்டின் இழப்பாக முடிந்தது.

அமெரிக்கக் காங்கிரஸின் அக்கறை அடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது, ஏறியும் இறங்கியும். 1943-ல் ஐந்து செனட்டர்கள் போர்முனைகளைச் சுற்றிவந்தார்கள். பயணப் பாதையில் இந்தியாவும் இருந்தது. திரும்பிப் போய் அவர்கள் அதிகம் முறையிட்டது அமெரிக்காவின் பணம், தளவாடம், போருக்குப் பிந்தைய விமான தளங்கள் பற்றி. அந்த ஆண்டு டெல்லியில் ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதியாக இருந்த வில்லியம் ஃபிலிப்ஸ், காந்தியின் உண்ணாவிரதத்தின்போது அவரைச் சந்திக்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. இந்தியாவில் மக்களின் ஆதரவு இல்லாமல் போர் நடக்கிறது, பிரிட்டன் சுதந்திரத்துக்கு உறுதி தர வேண்டும் என்ற பொருளில் அதிபருக்குக் கடிதம் எழுதினார். அது 1944 ஜூலையில் பத்திரிகையாளர் ட்ரூ பியர்சனிடம் கசிந்தது. ஃபிலிப்ஸ் இனி இந்தியாவுக்கு வேண்டாதவர் என்று டெல்லியிலிருந்து லண்டனுக்குப் போன தந்தியைப் பற்றி செனட்டர் சாண்ட்லர் பகிரங்கமாகப் பேசினார். வாஷிங்டனில் சில வாரங்கள் கொந்தளிப்பு. நியூயார்க்கில் ஜே.ஜே. சிங்கின் இந்தியா லீக் அதை அணையாமல் பார்த்துக்கொண்டது. ஆனால் போர் திரும்பிவிட்டது. இந்தியாவின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் தோற்றுவிடுவோம் என்ற பயம் போனதும் கேள்வியின் சூடும் தணிந்தது.

இன்னொன்றும் உண்டு. அடுத்தவன் வீட்டைத் திருத்தச் சொன்னவர்களின் வீடு எப்படி இருந்தது? 1942 ஜூலையில் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி இதைச் சுட்டிக்காட்டினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, அமெரிக்காவில் கறுப்பர் பிரச்னை இருக்கும்வரை, ஜனநாயகத்துக்காகப் போர் என்ற பேச்சு உள்ளீடற்றது என்றார். செனட்டில் இந்தியாவுக்காகக் குரல் எழுந்த நாளில் அமெரிக்காவில் குடியிருந்த இந்தியர் அந்நாட்டுக் குடிமகனாக முடியாது. 1923-ல் அவர்களது உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருந்தது. 1946 ஜூலையில்தான் லூஸ்-செல்லர் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. எவ்வளவு? ஆண்டுக்கு 100 இந்தியர். எமானுவல் செல்லரும் கிளேர் பூத் லூஸும் அதற்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பிரிட்டனிடம் 40 கோடிப் பேருக்கு விடுதலை கேட்ட சபை, தன் பங்குக்கு நூறு பேருக்கு இடம் கொடுத்தது.

அதே 1946-ல்தான் சர் சி.பி.யின் திட்டம் வந்தது. திருவிதாங்கூருக்கு வெளியுலக அரசியல் தெரிந்த திவான் அவர். 1942 ஆகஸ்ட்டில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் செய்தித்துறை உறுப்பினராகச் சேர்ந்து சில வாரங்களில் ராஜினாமா செய்தவர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சீர்திருத்தம் தராமல் இருக்க முடியாது. எனவே தந்தார். வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு, இரண்டு சபைகள். கேட்பதற்கு டெல்லியைவிட ஒரு படி மேலே. ஆனால் நிர்வாகம் சபைக்குக் கட்டுப்படாது. மகாராஜா நியமிக்கும் திவானை சபை நீக்க முடியாது. சாதியும் மதமும் கட்சியாகப் பிரிந்து கிடக்கும் நாட்டில் பிரிட்டிஷ் பாணி மந்திரி சபைகள் நிலைக்காது, அமெரிக்காவைப்போல நிலையான நிர்வாகம் வேண்டும் என்பது அவர் வாதம்.

வாதத்தில் ஒரு பாதி உண்மை. அமெரிக்க அதிபரும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் போகிறவர் அல்ல. ஆனால் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அவர் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். திவான் யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டாம். அதிபரின் பணப்பையின் கயிறு காங்கிரஸின் கையில் இருக்கிறது. 1942-ல் செனட்டர்கள் லண்டனை நோக்கிக் குரலுயர்த்த முடிந்ததற்கே காரணம், லெண்ட்-லீஸுக்குக் காசு ஒதுக்கியது அவர்கள் சபை என்பதுதான். சர் சி.பி. இறக்குமதி செய்த மாதிரியில் அசையாத நாற்காலி வந்தது. அந்த நாற்காலிக்குக் கணக்குக் கேட்கும் சபை கப்பலில் ஏறவில்லை.

1946 அக்டோபர் 24 அன்று புன்னப்புராவில் தொழிலாளர்கள் போலீஸ் முகாமைத் தாக்கினார்கள். மறுநாள் ராணுவச் சட்டம். படைகளின் தலைமையைத் திவானே ஏற்றார். 27-ஆம் தேதி வயலாரில் காயல் சூழ்ந்த மணல் திட்டில் துப்பாக்கிகள் முழங்கின. தொழிலாளர் கையில் இருந்தவை பாக்கு மரத்தைச் சீவி எடுத்த ஈட்டிகள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசுக் கணக்கும் இயக்கத்தின் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கம்யூனிஸ்ட்களின் வழிமுறை பற்றி ஸ்டேட் காங்கிரஸ்காரர்களுக்குக் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் அமெரிக்க மாதிரி வேண்டாம் என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

சர் சி.பி. அடுத்த சீட்டை இறக்கினார். பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனி நாடு என்று 1947 ஜூனில் அறிவித்தார். அவர் கையில் ஒரு துருப்பு இருந்தது. மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் கடற்கரையில் கிடக்கும் கறுப்பு மணல். அதிலுள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அணுகுண்டு பார்த்த உலகம் அந்த மணலுக்காகப் போட்டி போட்டது. பிரிட்டன் பேரம் பேசியது. வெளிநாட்டுக்குத் தேவையான பண்டம் நம்மிடம் இருந்தால் வெளிநாடு நம் பக்கம் நிற்கும் என்ற கணக்கு அது. செனட்டர்கள் பிரிட்டன்மேல் போட்ட கணக்கின் மறுபக்கம். ஆனால் தனி நாடாக அங்கீகரிக்க லண்டன் முன்வரவில்லை. உள்ளூரில் கூட்டங்கள் பெருகின. ஜூலையில் திருவனந்தபுரம் பேட்டையில் மறுபடி துப்பாக்கிச் சூடு.

1947 ஜூலை 25 இரவு, சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியின் கச்சேரிக்கு வந்து திரும்பும்போது திவான் வெட்டப்பட்டார். வெட்டியவர் அம்பலப்புழையைச் சேர்ந்த கே.சி.எஸ். மணி, சோஷலிஸ்ட் இளைஞர், அய்யர் வீட்டுப் பிள்ளை. முகத்தில் காயத்தோடு திவான் உயிர் தப்பினார். சில நாட்களில் இந்தியாவுடன் இணையச் சம்மதித்து மகாராஜாவின் செய்தி டெல்லிக்குப் போனது. ஆகஸ்ட்டில் சர் சி.பி. பதவி விலகி ஊரைவிட்டுப் போனார். செப்டம்பர் 4 அன்று மகாராஜா பொறுப்பாட்சியைப் பிரகடனம் செய்தார். 1948 பிப்ரவரியில் வயதுவந்த ஆண், பெண் அனைவரும் ஓட்டுப் போட்டார்கள். மார்ச்சில் பட்டம் தாணு பிள்ளை தலைமையில் மந்திரி சபை பதவியேற்றது. கத்திக்குத்து சீர்திருத்தம் கொண்டுவந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். பத்து ஆண்டுகளாகச் சிறைக்குப் போனவர்களையும், குண்டு பட்டவர்களையும், வேலைநிறுத்தத்தில் கஞ்சி இல்லாமல் இருந்தவர்களையும் அது மறைத்துவிடும்.

பொறுப்பாட்சி கேட்டுச் சிறை சென்றவரே ஆட்சிக்கு வந்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுமா? தென் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்நாட்டோடு இணையக் கேட்டவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் அதே பட்டம் தாணு பிள்ளை, இப்போது பிரஜா சோஷலிஸ்ட். அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா உத்தரப் பிரதேசச் சிறையில் இருந்தபடியே, மந்திரி சபை விலக வேண்டும் என்றார். முதல்வர் விலகவில்லை. கட்சித் தலைமைக்கும் லோகியாவுக்கும் முறிந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமானபோது, அதைச் சாதித்தது நேசமணியின் பின்னால் நின்ற உள்ளூர் மக்களின் பிடிவாதம்.

தமிழர்கள் இந்தக் கதையை இன்னொரு கரையிலும் பார்த்திருக்கிறார்கள். 1987-ல் இந்தியாவின் நெருக்குதலில் ராஜீவ்-ஜெயவர்த்தனே ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைத் தொடர்ந்து இலங்கை அரசியல் சட்டத்தில் 13-ஆவது திருத்தம் வந்தது, மாகாண சபைகள் வந்தன. காகிதத்தில் எழுதிய போலீஸ் அதிகாரமும் நில அதிகாரமும் மாகாணங்களின் கைக்கு முழுமையாக வந்து சேரவில்லை. 2019-க்குள் எல்லா மாகாண சபைகளின் காலமும் முடிந்துபோக, அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் ஆளுநர்கள் நிர்வாகம் நடத்தினார்கள். இலங்கைத் தமிழருக்காகத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானங்கள் நிறைவேற்றியிருக்கிறது. அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் 2012-ல் ஜெனீவாவில் நிறைவேறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நெருக்கியதால் எழுதப்பட்ட சட்டம், அவர் பார்வையைத் திருப்பியதும் அலமாரிக்குள் போய்விடுகிறது.

அதனால் வெளியிலிருந்து கேட்பது வீண் என்று ஆகிவிடாது. 1942-ல் செனட்டர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இந்தியாவின் தன்னாட்சி பிரிட்டனின் வீட்டு விவகாரம் என்று சர்ச்சில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். கேட்டதால் அவர் காரணம் சொல்ல வேண்டி வந்தது. எழுத்தில் சொன்னதால் அந்தக் காரணங்கள் இன்று அச்சில் இருக்கின்றன. மன்னரின் ஒப்பந்தத்துக்குப் பின்னால் எட்டுக் கோடிப் பேரை எப்படி நிறுத்தினார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஃபிலிப்ஸின் கடிதம் கசியாமல் இருந்திருந்தால், ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதியே அப்படி எழுதினார் என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது. காரணம் சொல்ல வைப்பதும், சொன்னதைப் பதிவில் வைப்பதும் அந்நிய நாட்டு மக்கள் சபை ஒன்றால் செய்ய முடிகிற உருப்படியான காரியம்.

அதற்குமேல் அவர்கள் கை நீளாது. நாடாளுமன்றங்களில் பிற நாட்டு ஆட்சிமுறை பற்றித் தீர்மானம் வரும்போதெல்லாம் கைதட்டுவதற்கு முன் திருவிதாங்கூர்க்காரர்கள் பார்த்த இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். கேட்பவருக்கு இந்தத் தேவை தீர்ந்துபோனால் கேள்வியும் தீர்ந்துபோகுமா? வருகிற சீர்திருத்தத்தில் ஆட்சியில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பும் வழி இருக்கிறதா? சேர்த்தலையின் கயிறு தொழிலாளி அரசியல் சாசனம் படித்தவர் அல்ல. சர் சி.பி.யின் திட்டத்தில் ஓட்டு இருந்தது, சபை இருந்தது, உலகமே மதிக்கும் ஒரு நாட்டின் பெயரும் இருந்தது. திவானை மாற்றும் வழி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று மட்டும் அவர் தேடினார். இல்லை என்று தெரிந்ததும் முழுவதையும் கடலில் போடச் சொன்னார்.